துறைமுக நுழைவுக் கால்வாயை வடிவமைப்பது எப்படி: உலகப் பொது வழிகாட்டுதல்களை எந்த வரிசையில் கையாள வேண்டும்

ஒரே கப்பல் இந்த மாதம் ஒரு கண்டத்தின் துறைமுகத்துக்குள் நுழைகிறது, அடுத்த மாதம் வேறொரு கண்டத்தில் நிற்கிறது. அதன் அகலம் மாறுவதில்லை, திரும்பும் திறனும் மாறுவதில்லை. அப்படியிருக்க, ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி ஆழத்தை அளந்து, தன் விருப்பப்படி மிதவைக்கு நிறம் பூசினால் மாலுமி எதை நம்புவார்? துறைமுகப் பொறியியலில் நாடுகள் சேர்ந்து உழைப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். அப்படிச் சேர்ந்து எழுதிய வழிகாட்டுதல்கள் ஏராளமாக இருக்கின்றன. புதிதாக வருபவருக்குச் சிக்கல் அவை கிடைக்காதது அல்ல. எதை முதலில் எடுப்பது, எந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது என்பதுதான்.

முதல் முறையாக ஒரு துறைமுக நுழைவுக் கால்வாயின் வடிவமைப்பைக் கையில் எடுக்கும் பொறியாளருக்காக இந்த வழிகாட்டி. கடலிலிருந்து துறைமுக வாய்வரை வெட்டப்படும் கப்பல் வழியைத்தான் இங்கே கால்வாய் என்கிறோம்.

முதலில்: எந்த அமைப்பிடம் எந்தக் கேள்வி

1885இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய உள்நாட்டு நீர்வழி மாநாட்டிலிருந்து பிறந்தது பியாங்க். துறைமுகம், நீர்வழி, கடற்கரைக் கட்டுமானங்கள் பற்றிய தொழில்நுட்ப அறிக்கைகளை வெளியிடுவது இதன் வேலை. கால்வாயின் அகலம், ஆழம், வளைவு எல்லாவற்றுக்கும் இதன் 2014ஆம் ஆண்டின் 121ஆம் அறிக்கைதான் தொடக்கம். உலகத் துறைமுகங்களின் சங்கமான ஐஏபிஎச், கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட்டுகளின் சங்கமான இம்பா, மிதவை, கலங்கரை விளக்கங்களுக்கான இயாலா ஆகியவற்றோடு இணைந்து வளர்ந்த வழிகாட்டுதல் அது. அதனால்தான் அதற்கு இத்தனை மதிப்பு: வடிவமைப்பவர், நிர்வகிப்பவர், கப்பலை ஓட்டுபவர் மூவரின் பார்வையும் அதில் இருக்கிறது. பழைய 1997ஆம் ஆண்டுப் பதிப்பும் இன்னும் பல அலுவலகங்களில் சுற்றுகிறது. இரண்டின் அட்டவணைகளும் ஒன்றல்ல. ஒரே கணக்கில் இரண்டையும் கலப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு; கணக்குத் தாளின் தலைப்பிலேயே பதிப்பின் ஆண்டை எழுதிவிடுங்கள்.

ஆழத்தை எவ்வளவு துல்லியமாக அளக்க வேண்டும் என்பதைச் சொல்வது சர்வதேச நீர்வரைவியல் அமைப்பான ஐஎச்ஓ; 1921இல் மொனாக்கோவில் தொடங்கியது. அதன் எஸ்-44 தரநிலையின் ஆறாம் பதிப்பு 2020இல் வந்தது. வழிகாட்டும் மிதவைகளும் விளக்குகளும் இயாலாவின் பொறுப்பு. 1957இல் தொடங்கிய இயாலா, 2024 ஆகஸ்டில் அரசுகளுக்கிடையேயான அமைப்பாக மாறியது. சட்டக் கட்டாயம் வருவது ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் உடன்படிக்கைகள் வழியாக. பியாங்க் அறிக்கை பரிந்துரைக்கும், கட்டாயப்படுத்தாது. ஒப்பந்தத்தில் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தால்தான் ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்தும்.

படி 1: வடிவமைப்புக் கப்பலைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடாதீர்கள். ஆழத்தைத் தீர்மானிப்பது முழுச் சுமையோடு வரும் நிலக்கரி அல்லது இரும்புத்தாதுக் கப்பலாக இருக்கலாம். அகலத்தைத் தீர்மானிப்பதோ அடுக்கடுக்காகப் பெட்டி ஏற்றிய கண்டெய்னர் கப்பலாகவோ, சுமை இறக்கிவிட்டு உயர்ந்து நிற்கும் எரிவாயுக் கப்பலாகவோ இருக்கலாம். காற்று பிடிக்கும் பக்கப் பரப்பு அவற்றுக்குத்தான் அதிகம். இரண்டு மூன்று கப்பல்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுங்கள்.

'1,80,000 டன் கப்பல்' என்று மட்டும் தகவல் வந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீளம், அகலம், டிராஃப்ட், கப்பல் உடலின் பருமைக் கெழு நான்கும் வேண்டும். பருமைக் கெழு என்பது, அதே நீளம், அகலம், டிராஃப்ட் உள்ள ஒரு பெட்டியில் கப்பல் உடல் எத்தனை பங்கை நிரப்புகிறது என்பது. டிராஃப்ட் என்பது கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம். அது கடல்நீருக்கான எண். ஆற்று முகத்துவாரத்தில் நன்னீர் கலந்தால் கப்பல் கூடுதலாக அமிழும். முழு நன்னீரில் அது டிராஃப்டில் 2 முதல் 3 விழுக்காடு. 17 மீட்டர் டிராஃப்டுக்கு ஏறக்குறைய 0.4 மீட்டர்.

கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் ஒரே எடுத்துக்காட்டு: நீளம் 290 மீ, அகலம் 45 மீ, டிராஃப்ட் 17 மீ, பருமைக் கெழு 0.82 உள்ள, முழுச் சுமையேற்றிய மொத்தச் சரக்குக் கப்பல்.

படி 2: பூஜ்ய மட்டத்தை ஒன்றாக்குங்கள்

கடல் வரைபடத்தில் எழுதியிருக்கும் ஆழம் எந்த மட்டத்திலிருந்து அளந்தது? அந்த மட்டத்துக்குச் சார்ட் டேட்டம் என்று பெயர். வானியல் கணக்குப்படி ஓதம் (கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்தையே இதற்குப் பயன்படுத்துமாறு ஐஎச்ஓ பரிந்துரைக்கிறது. நில அளவையாளர் பயன்படுத்தும் பூஜ்யமோ பெரும்பாலும் சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டியது. இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேலும் வேறுபாடு வரலாம். ஓத வீச்சு பெரிதாக உள்ள கரைகளில் பல மீட்டர்.

கப்பல் நிற்கும் பெர்த்தின் வரைபடம் நில மட்டத்திலும், தூர்வாரும் வரைபடம் சார்ட் டேட்டத்திலும் இருந்து, யாரும் கவனிக்காமல் இரண்டையும் ஒட்டிவிட்டால் அந்தப் பிழை கான்கிரீட் போட்ட பிறகே வெளியே வரும். ஆகவே திட்டத்தின் முதல் வாரத்திலேயே கரையில் ஒரு நிலையான குறியைத் தேர்ந்தெடுத்து, அதன் உயரத்தை இரண்டு மட்டங்களிலும் எழுதி, ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் சிறிய படமாகப் போடுங்கள். ஆழத்துக்கு நேர்க்குறியா எதிர்க்குறியா என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள்.

ஓதமானியைக் குறைந்தது ஒரு மாதம் ஓடவிட்டால்தான் முதன்மை ஓதக் கூறுகளைப் பிரிக்க முடியும். ஓராண்டுப் பதிவு இருந்தால் பருவகால ஏற்ற இறக்கமும் பிடிபடும்.

படி 3: அடித்தளத்தை அளங்கள்

எஸ்-44 தரநிலை அளவைகளை வகைப்படுத்துகிறது. கப்பலின் அடிக்கும் தரைக்கும் இடைவெளி குறைவாக உள்ள கால்வாய், பெர்த் போன்ற இடங்களுக்குச் 'சிறப்பு' வகை. இன்னும் இறுக்கமான தேவைக்கு அதற்கும் மேலான ஒரு வகை 2020 பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஆழ அளவின் அனுமதிக்கத்தக்க நிச்சயமின்மைக்கு இரண்டு எண்கள் உண்டு: ஆழத்தோடு மாறாத பகுதி, ஆழத்தோடு வளரும் பகுதி. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சிறப்பு வகைக்கு அவை 0.25 மீட்டரும் ஆழத்தின் 0.0075 பங்கும். 20 மீட்டர் ஆழத்தில் இரண்டாம் பகுதி 0.15; விடை 0.29 மீட்டர். அதற்கடுத்த '1ஏ' வகையில் 0.5 மீட்டரும் 0.013 பங்கும், அதே ஆழத்தில் விடை 0.56 மீட்டர். பாதிக்குப் பாதி வேறுபாடு. மலிவான வகையில் அளந்து மிச்சப்படுத்திய பணத்தை, பிறகு கால்வாய் முழுவதும் கால் மீட்டர் கூடுதலாக வெட்டிச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

சேறு உள்ள இடங்களில் 'அடித்தளம் எது' என்ற கேள்வியே சிக்கலாகிவிடும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலிமானி சேற்றின் மேற்பரப்பிலேயே எதிரொலி கேட்கும். 30 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த அதிர்வெண் சேற்றை ஊடுருவிக் கீழே உள்ள கெட்டித் தரையைக் காட்டும். இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் சேற்றின் அடர்த்தியை நேரடியாக அளக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட அடர்த்திவரை உள்ள நீர்த்த சேற்றைக் கப்பல் ஓடக்கூடிய ஆழமாகவே கணக்கில் கொள்ளும் துறைமுகங்கள் உண்டு. ராட்டர்டாம் கன மீட்டருக்கு 1,200 கிலோகிராம் என்ற எல்லையைப் பயன்படுத்தியது. அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சேற்றின் பிசுபிசுப்பு ஊருக்கு ஊர் வேறு.

படி 4: காற்று, அலை, நீரோட்டம்

இவற்றின் அளவைவிட, கால்வாயின் திசையோடு அவை எந்தக் கோணத்தில் வருகின்றன என்பதே முக்கியம். கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் கூறுதான் அகலத்தை விழுங்குகிறது. நீரோட்டத்தை மேற்பரப்பில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். 17 மீட்டர் அமிழ்ந்த கப்பலை அந்த 17 மீட்டர் நீரும் சேர்ந்து தள்ளுகிறது. அலைத்தடுப்புச் சுவரின் முனையில் நீரோட்டம் திடீரென்று மாறும். கப்பலின் முன்பகுதி அமைதி நீருக்குள் வந்திருக்க, பின்பகுதி இன்னும் ஓட்டத்தில் இருக்கும், கப்பல் சுழலும். அந்த இடத்தில் தனியாக அளவெடுங்கள்.

படி 5: கால்வாயின் போக்கை வரையுங்கள்

அகலத்தைக் கணக்கிடும் முன் கால்வாயின் போக்கை முடிவுசெய்ய வேண்டும். இயன்றவரை நேர்க்கோடு, இயற்கையிலேயே ஆழமான நீரைத் தொடர்ந்து செல்லும் வழி, பக்கக் காற்றும் பக்க ஓட்டமும் குறைவாக விழும் திசை, துறைமுக வாய்க்கு அருகில் வளைவு கூடாது. இவை நான்கும் ஒரே கோட்டில் அமைவது அரிது. விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் கடைசியாக விட்டுக்கொடுக்க வேண்டியது வாயருகே நேராக இருப்பதைத்தான் என்பது எங்கள் கருத்து. வேகம் குறைந்து சுக்கானின் பிடி தளரும் இடம் அது.

வளைவு தவிர்க்க முடியாதென்றால், ஆரம் கப்பல் நீளத்தின் ஏறக்குறைய 5 முதல் 7 மடங்கு என்று தொடங்குங்கள். நம் கப்பலுக்கு 1,450 முதல் 2,030 மீட்டர். இரண்டு வளைவுகள் இருந்தால் இடையே குறைந்தது 5 கப்பல் நீளம் நேராக இருக்கட்டும். உள்ளே திரும்பும் வட்டத்தின் விட்டம் இரண்டு கப்பல் நீளத்துக்குக் குறையக் கூடாது. கப்பல் நிற்க எடுக்கும் தூரத்தை மறந்துவிடாதீர்கள்: இழுவைப் படகு கயிறு கட்டும் நேரமும் அதில் சேரும்.

படி 6: ஆழம்

முதற்கட்ட மதிப்பீட்டுக்கு டிராஃப்டின் மடங்காக எண்கள் உள்ளன. வெளிக்கடலில் அலை உயரம் 1 மீட்டருக்குக் குறைவென்றால் டிராஃப்டைப் போல் 1.15 முதல் 1.2 மடங்கு, 1 முதல் 2 மீட்டர் வரை 1.2 முதல் 1.3, அதற்கு மேல் 1.3 முதல் 1.4. அலை புகாத உள்பகுதியில் 10 நாட் வேகம்வரை (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) 1.1 மடங்கு. வெளிக்கால்வாயின் அடி மணலாகவோ களிமண்ணாகவோ இருந்தால் 0.5 மீட்டரும், பாறையாகவோ பவளமாகவோ இருந்தால் 1 மீட்டரும் சேர்க்க வேண்டும். சேற்றுக்குக் கூடுதல் இல்லை.

நம் கப்பல், அலை உயரம் 1.5 மீட்டர், மணல் அடி: 17 × 1.2 = 20.4, அதோடு 0.5, மொத்தம் 20.9 மீட்டர்.

இந்த எண் திட்டத்தின் செலவைத் தோராயமாகச் சொல்லப் போதும், ஒப்பந்தம் போடப் போதாது. அடுத்த கட்டத்தில் ஒவ்வொரு கூறையும் தனியாகக் கணக்கிட வேண்டும்.

ஓடும் கப்பல் நின்றிருக்கும் கப்பலைவிடக் கீழே இறங்கும். கப்பலுக்கும் தரைக்கும் இடையே நீர் விரைந்து ஓடுவதால் அழுத்தம் குறைகிறது, கப்பல் தாழ்கிறது. ஸ்குவாட் என்பார்கள். கப்பல் ஆய்வாளர் பாராஸின் எளிய சூத்திரம்: திறந்த நீரில், பருமைக் கெழுவை வேகத்தின் (நாட் அளவில்) வர்க்கத்தால் பெருக்கி 100ஆல் வகுத்தால் மீட்டரில் விடை. 10 நாட் வேகத்தில் 0.82 மீட்டர், 8 நாட் வேகத்தில் 0.52. குறுகலான கால்வாயில் 100க்குப் பதில் 50ஆல் வகுக்க வேண்டும், அதாவது இரட்டிப்பு. வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே நீர் மிச்சம் என்பது இங்கே தெரிகிறது. பருமனான உடல் கொண்ட கப்பல் முன்பக்கம் தாழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காற்றாலும் திருப்பத்தாலும் கப்பல் சாயும். அகலத்தில் பாதியைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்குங்கள்: 45 மீட்டர் அகலக் கப்பல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் ஓரம் 0.39 மீட்டர் இறங்கும். அகலமான கப்பல்களில் இதை விட்டுவிடுவது ஆபத்து.

அலையில் கப்பலின் ஏற்ற இறக்கத்தைத் தனி ஆய்வால்தான் பெற வேண்டும், எடுத்துக்காட்டுக்கு 1.5 மீட்டர் என்று கொள்வோம். எல்லாம் போக மீதி இருக்க வேண்டிய குறைந்தபட்ச இடைவெளி மணலுக்கு 0.5 மீட்டர். கூட்டினால் 17 + 0.82 + 0.39 + 1.5 + 0.5 = 20.21 மீட்டர்.

இன்னொரு சோதனையும் உண்டு, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். கப்பல் சுக்கானுக்குக் கட்டுப்பட வேண்டுமானால் அலை இல்லாத நாளிலும் அடியில் போதிய நீர் வேண்டும்: டிராஃப்டில் 5 விழுக்காடு அல்லது 0.6 மீட்டர், எது அதிகமோ அது. நம் கப்பலுக்கு 0.85 மீட்டர். அலைக்கான ஒதுக்கீட்டைச் சேர்க்காமல், ஸ்குவாட்டையும் சாய்வையும் மட்டும் கழித்துப் பார்த்தால் 20.21 − 18.21 = 2.0 மீட்டர். தேறிவிட்டது. இந்த 0.85ஐ மேலே உள்ள கூட்டலில் சேர்த்துவிடாதீர்கள். இது தனிச் சோதனை.

இப்போது கிடைத்தது கப்பலுக்குத் தேவையான மட்டம். வெட்ட வேண்டிய மட்டம் இதற்கும் கீழே. அளவைப் பிழைக்கு 0.3, அடுத்த தூர்வாரலுக்குள் படியும் மணலுக்கு 0.5, தூர்வாரும் கப்பலின் வேலைத் துல்லியத்துக்கு 0.3 என்று கொண்டால் 21.3 மீட்டர். மாலுமிகளுக்கு அறிவிக்கும் ஆழம் 20.2 மட்டுமே. இரண்டையும் குழப்பி 21.3 என்று அறிவித்தால், முதல் பருவம் முடிவதற்குள் கப்பல் தரையைத் தொடும்.

கப்பல் உயர் ஓதத்தில் மட்டும் வந்தால் போதும் என்று முடிவெடுத்தால் இவ்வளவு ஆழம் வெட்ட வேண்டியதில்லை. அப்போது கால்வாயைக் கடக்க ஆகும் நேரத்தைக் கணக்கிடுங்கள்: 8 கடல்மைல் நீளக் கால்வாயை 8 நாட் வேகத்தில் கடக்க ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் முழுவதும், தாமதத்துக்கான கூடுதல் நேரத்திலும், ஓதம் தேவையான மட்டத்துக்குக் குறையக் கூடாது. ஒரு நாளில் அப்படி எத்தனை வாய்ப்பு, ஒரு வாய்ப்பில் எத்தனை கப்பல் என்பதைத் துறைமுக நிர்வாகத்தோடு உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள்.

படி 7: அகலம்

எல்லாமே கப்பல் அகலத்தின் மடங்காக வரும். எவ்வளவு நல்ல மாலுமி ஓட்டினாலும் கப்பல் கம்பி இழுத்ததுபோல நேராகப் போகாது, மெல்ல வளைந்து வளைந்துதான் போகும். அதற்கான அடிப்படைத் தடம், நன்றாகக் கட்டுப்படும் கப்பலுக்கு 1.3 மடங்கு, நடுத்தரத்துக்கு 1.5, மந்தமானதுக்கு 1.8. சுமையேற்றிய மொத்தச் சரக்குக் கப்பலுக்கு 1.8 எடுப்பதே பாதுகாப்பு.

அதன்மேல் கூடுதல்கள். 10 நாட் வேகம், வெளிக்கால்வாய், ஒருவழிப் போக்குவரத்து என்று கொள்வோம்:

- 20 நாட் பக்கக் காற்று: 0.4
- 0.7 நாட் பக்க நீரோட்டம்: 0.7
- 1.5 மீட்டர் அலை: 0.5
- வழிகாட்டும் மிதவைகள் 'நல்லது' என்ற நிலையில்: 0.2
- மென்மையான அடித்தளம்: 0.1
- ஆழம் டிராஃப்டைப் போல் 1.25 மடங்குக்குக் குறைவு: 0.2

கூடுதல்கள் 2.1; அடிப்படையோடு 3.9. இரு கரைக்கும் ஒதுக்கீடு, சரிவான கரை என்றால் பக்கத்துக்கு 0.5 வீதம் 1.0. மொத்தம் 4.9 மடங்கு, அதாவது 220 மீட்டர்.

கரைக்கான ஒதுக்கீட்டைக் குறைக்கும் ஆசை வரும். கரையை ஒட்டிப் போகும் கப்பலின் பின்பகுதியைக் கரை இழுக்கும், முன்பகுதி கால்வாயின் நடுவே தள்ளப்படும். 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் குறுக்கே சிக்கி ஆறு நாள் அந்த வழிக் கப்பல் போக்குவரத்தை நிறுத்தியபோது, பலத்த காற்றோடு இந்தக் கரை விளைவும் பரவலாக விவாதிக்கப்பட்டது.

வேகத்தைக் குறைத்தால் அகலமும் குறையும் என்று நினைக்கத் தோன்றும். 7 நாட் என்று மாற்றிப் பாருங்கள்: காற்றுக்கு 0.6, நீரோட்டத்துக்கு 1.0 ஆகிவிடும், கரைக்கு 0.3 வீதம் 0.6 ஆகக் குறையும். மொத்தம் 5.0 மடங்கு, 225 மீட்டர். மெதுவாகப் போகும் கப்பல் காற்றுக்கும் ஓட்டத்துக்கும் அதிகம் வசப்படுகிறது, தன் திசையைக் காக்கக் கோணலாகவே போக வேண்டியிருக்கிறது. ஆழத்துக்கு மெதுவாகப் போவது நல்லது; அகலத்துக்கு அது பெரிதாக உதவுவதில்லை. எந்த வேகத்தை விதிப்பது என்ற பேச்சை இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடத்துங்கள்.

இருவழிப் போக்குவரத்துக்கு 3.9ஐ இரட்டித்து, கரைக்கு 1.0, இரண்டு கப்பல்களுக்கு இடையே 1.6 சேர்க்க வேண்டும்: 10.4 மடங்கு, 468 மீட்டர். போக்குவரத்து நெரிசலானால் இன்னும் கூடும். 10 கிலோமீட்டர் நீளத்தில் 5 மீட்டர் ஆழம் வெட்டும் கால்வாயை வெறும் 10 மீட்டர் அகலப்படுத்தினாலே 5 லட்சம் கன மீட்டர் மண் கூடுகிறது. அதனால் இருவழி கேட்பவரிடம் ஒரு நாளைக்கு எத்தனை கப்பல் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான புதிய துறைமுகங்களுக்கு ஒருவழிக் கால்வாயும் ஒழுங்கான கப்பல் போக்குவரத்துக் கட்டுப்பாடும் போதும்.

படி 8: மிதவைகள்

இயாலாவின் முறையில் உலகம் இரண்டு மண்டலம். 'ஏ' மண்டலத்தில் கடலிலிருந்து உள்ளே வரும்போது சிவப்பு இடப்புறம், பச்சை வலப்புறம். அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் அடங்கிய 'பி' மண்டலத்தில் நேர் எதிர். வெளிநாட்டு ஆலோசகர் வரைந்த படத்தைச் சரிபார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இது.

மிதவைகளை எதிரெதிரே இணையாக வையுங்கள், வாசல்போல. செலவு மிச்சமென்று மாற்றி மாற்றி ஒற்றையாக வைத்தால் இரவில் தடத்தின் நடுவைக் கணிப்பது கடினம். மிதவை சங்கிலியில் சுழலும் என்பதால் கால்வாய் விளிம்பில் அச்சாக வைக்க முடியாது, சற்று வெளியே தள்ளி வைக்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்பதைப் பைலட்டுகளுக்கு எழுத்தில் கொடுங்கள். முதன்மை வழிகாட்டிகள் 99.8 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்பது இயாலாவின் இலக்கு. உதிரி விளக்கும் மின்கலமும் கையிருப்பில் இல்லாமல் இதை எட்ட முடியாது.

படி 9: பைலட்டுகளைக் கூப்பிடுங்கள்

அட்டவணைகளின் வேலை இங்கே முடிகிறது. முதலில் கணினியே கப்பலை ஓட்டும் விரைவுச் சோதனைகளால் மோசமான காற்று, ஓட்டச் சேர்க்கைகளைச் சலித்தெடுங்கள். பிறகு அவற்றை மட்டும் முழு அளவு சிமுலேட்டரில் பைலட்டுகள் கையால் ஓட்ட வேண்டும். அதே துறைமுகத்தில் வேலை செய்யப்போகும் பைலட்டுகளே வர வேண்டும். எந்திரம் நிற்பது, சுக்கான் சிக்குவது, இழுவைக் கயிறு அறுவது ஆகிய மூன்றையும் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

எல்லாப் பைலட்டுகளும் ஒரே பக்கமாக ஒதுங்கி ஓட்டினால் காரணம் திறமைக் குறைவு அல்ல. கால்வாயின் கோணமோ நீரோட்ட மாதிரியோ தவறு. இரண்டாவதை முதலில் சந்தேகியுங்கள். ஓட்டம் முடிந்ததும் எண்ணைப் பார்க்கும் முன் அவர்களின் கருத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண் தேறியும் 'மறுபடி இதைச் செய்ய மாட்டேன்' என்று ஒருவர் சொன்னால் அது தோல்விதான்.

படி 10: தோண்டிய மண்

கடலில் கொட்டுவதற்கு 1972ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கையும் அதன் 1996 நெறிமுறையும் பொருந்தும். நெறிமுறை எதையெதைக் கொட்டலாம் என்று ஒரு சிறு பட்டியல் தருகிறது. தூர்வாரிய மண் அதில் உண்டு, ஆனால் சோதனைக்கும் அனுமதிக்கும் உட்பட்டு. கன உலோகமும் எண்ணெயும் தங்கிய பழைய துறைமுக வண்டலை வெளிக்கடல் மணலோடு சேர்த்து ஒரே மாதிரியாக எடுக்கக் கூடாது. மாதிரி எடுப்பதை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே செய்யுங்கள். நல்ல மணல் என்றால் அரிக்கப்படும் கரைக்கு அதைக் கொடுப்பது முதல் வாய்ப்பாக இருக்கட்டும். கால்வாய் வெட்டுவதால் கரையோர மணல் ஓட்டம் தடைபட்டு, ஒரு பக்கம் கரை வளர்ந்து மறுபக்கம் அரிக்கும் இடங்களில் அது கடமையும் ஆகிறது. இயற்கையின் போக்கை முதலில் புரிந்துகொண்டு அதற்கேற்ப வடிவமைக்க வேண்டும், வடிவமைத்த பிறகு சேதத்தை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது என்று 2008இல் பியாங்க் எடுத்த நிலைப்பாடு இன்று பல திட்டங்களின் அடிப்படை.

ஆற்றுவழிக் கால்வாய் என்றால் மேலே உள்ள அட்டவணைகளை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு 2019ஆம் ஆண்டின் 141ஆம் அறிக்கை தனியே உள்ளது. ஐரோப்பாவில் 1992இல் ஏற்கப்பட்ட நீர்வழி வகைப்பாடும் உதவும்; அதன் 'ஐந்து ஏ' வகைக் கப்பல் 110 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம். பாலத்தின் அடி உயரம் அங்கே ஆழத்துக்கு நிகரான சிக்கல்.

படி 11: திறந்த பிறகு

வெட்டி முடித்ததும் முதலில் அளந்த அதே மட்டத்தில், அதே வகை அளவையால் மறுபடி அளந்து, முடிவை நாட்டின் கடல்வரைபட அலுவலகத்துக்கு உடனே அனுப்புங்கள். கப்பலின் திரையில் தெரிவது அந்த வரைபடம்தான். உங்கள் கோப்பில் இருக்கும் ஆழத்தால் மாலுமிக்குப் பயனில்லை. முதல் ஆண்டில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருமுறை அளந்து, மண் படியும் வேகத்தை ஊகத்தோடு ஒப்பிடுங்கள். 0.5 மீட்டர் என்று ஒதுக்கிய இடத்தில் 0.8 படிந்தால் அறிவிக்கும் ஆழத்தை அன்றே குறைக்க வேண்டும்.

உள்ளே வரும் சில கப்பல்களில் துல்லியச் செயற்கைக்கோள் கருவிகளை முன்னும் பின்னும் இருபுறமும் வைத்து ஸ்குவாட்டையும் சாய்வையும் அளக்க முடிந்தால் அளங்கள். சூத்திரம் சொன்ன 0.82 மீட்டருக்குப் பதில் உண்மையில் எவ்வளவு என்பது தெரிந்தால், ஒரு கப்பல் கூடுதலாக எத்தனை டன் ஏற்றி வரலாம் என்பதும் தெரியும்.

அந்த எண்களை அலமாரியில் பூட்டாதீர்கள். பியாங்கின் அறிக்கைகள் பல நாட்டு வல்லுநர்கள் பணிக்குழுக்களில் ஊதியமின்றி உழைத்து எழுதுபவை; உங்கள் நாட்டுப் பிரிவு பெயர் முன்மொழிந்தால் நீங்களும் சேரலாம். கடல் துறைமுகம், உள்நாட்டு நீர்வழி, சுற்றுச்சூழல், படகுத் துறைகள் என்று தனித்தனி ஆணையங்களும், இளம் வல்லுநர்களுக்கென ஓர் ஆணையமும் உண்டு. வளரும் நாடுகளின் கடற்கரை, துறைமுகப் பொறியியலுக்கென்றே 1983இல் கொழும்பில் தொடங்கிய கோப்டெக் மாநாட்டுத் தொடரும் இப்போது பியாங்கின் கீழ் வருகிறது. வெப்பமண்டலக் கரைகளின் சேறு, பருவக்காற்று அலை, ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் மணல் ஓட்டம் பற்றிய அளவீடுகள் குளிர்நாட்டு அளவீடுகளைவிடக் குறைவு. கட்டுரை அனுப்பும்போது அளந்த வேகம், டிராஃப்ட், அலை உயரம், அந்நேர ஓதம், பயன்படுத்திய டேட்டம் ஆகிய ஐந்தையும் அட்டவணையாகக் கொடுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் அடுத்த பதிப்பை எழுதும் குழுவால் உங்கள் எண்ணைப் பயன்படுத்த முடியாது.